நான் வெட்டிய கடைசிச் சரணம்

நான் தொகுத்த புத்தகம் ஒன்றில் திரேஸ்புரத்துக் கோலாட்டப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழே "மரபுப் பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை" என்று அச்சாகியிருக்கிறது. அது பொய். இயற்றியவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். என் நோட்டில் என் கையெழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. மறதியில் விட்டுப்போகவில்லை. அச்சகத்தின் பிழையும் இல்லை. நான்தான் எடுத்தேன்.

இதைப் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் மழுப்பினேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

தொண்ணூறுகளில் தூத்துக்குடிக் கடற்கரையில் பாட்டுச் சேகரித்துக்கொண்டிருந்தேன். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்த புத்தகம். அதில் பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் இருக்கும். தூத்துக்குடி வட்டாரம் என்று போட்ட பாட்டுகளும் அதில் உண்டு. வயலிலும் களத்திலும் பிறந்த பாட்டுக்கு அவர் செய்ததைக் கடலுக்கு நான் செய்யப்போகிறேன் என்று நினைத்தேன். ஆசை தப்பில்லை. அந்த ஆசைக்குள் என் பெயர் பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதுதான் தப்பு.

பக்கிள் ஓடை கடலில் சேரும் இடம் திரேஸ்புரம். நாட்டுப்படகுகளின் கரை. சங்கு குளிப்பவர்களின் கரை. இங்கே எடுக்கும் சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் படகுகள் கரையில் கிடக்கும். அப்படி ஒரு நாளில்தான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். சிறுவயதிலிருந்து சங்குகுளி. ஆழத்தின் அழுத்தத்தில் ஒரு காது போயிருந்தது. மற்றக் காதைத் திருப்பித்தான் பேசுவார். எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். பனிமய மாதா கோவில் திருவிழா வரும்போது தெருப் பெண்பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

"இது யார் கட்டுன பாட்டு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நாந்தான் தம்பி கட்டுனேன். ஆட்டமும் நாந்தான்" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. படகு யாருடையது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததன் அளவு உங்களுக்குத் தெரியாது.

வழக்கமான கோலாட்டம் வட்டத்தில் நடக்கும். இது வரிசையில் நடக்கும். எதிரெதிரே இரண்டு வரிசை. ஒரு வரிசை குளிப்பவர்கள். எதிர் வரிசை கயிறு பிடிப்பவர்கள். முத்துக்குளியில் ஒருவன் இறங்கும்போது மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் இழுத்துவிட வேண்டும். கவனம் பிசகினால் உயிர் போகும். அதனால் கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான் என்பது கணக்கு. ஆட்டத்தில் குளிக்கும் வரிசை குனிந்து தரையருகே கோலைத் தட்டும். எதிர் வரிசை நிமிர்ந்து நின்று தலைக்கு மேல் தட்டும். பிறகு குனிந்தவள் எழும்பும்போது இரண்டு பேர் கோலும் நடுவில் சேரும். சரணம் முடிந்ததும் ஜோடி மாறும். முதலில் நின்ற ஜோடி வரிசையின் அடிக்குப் போகும். குளித்தவள் கயிறு பிடிப்பாள், பிடித்தவள் குளிப்பாள்.

கடைசிச் சரணம் வேறு மாதிரி. அதில் கயிறு இல்லை. கம்ப்ரசர் வந்துவிட்டது. குழாய் வழியே காற்று வருகிறது. இந்தச் சரணம் வந்ததும் இரண்டு வரிசையும் பின்வாங்கி விலகும். எதிராளியின் கோலில் யாரும் தட்ட மாட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் இரண்டு கோலையும் தானே தட்டிக்கொள்வாள். அந்தச் சரணத்தின் ஈற்றடியில் அவர் தன் பெயரையும் ஊரையும் வைத்திருந்தார்.

பாட்டில் பெயர் வைப்பது தமிழில் பழைய வழக்கம். முத்திரை என்பார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தம் கீர்த்தனைகளில் வைத்தார். இவரும் கோவிலில் கேட்டுத்தான் கற்றிருக்க வேண்டும். எழுதத் தெரியாத மனிதர் தன் பெயரை நிறுத்திவைக்க இருந்த ஒரே இடம் அந்த ஈற்றடி.

எல்லாவற்றையும் நாடாவில் பதிவு செய்தேன். அவர் மகளிடமும் ஒரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். 1961இல் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தபோது தான் சின்னப் பையன் என்றும், கரையில் நின்று பார்த்ததை வைத்தே கயிறு வரிசையை அமைத்ததாகவும் அவர் சொன்னார். அதுவும் என் நோட்டில் இருக்கிறது.

இனி என் குற்றம்.

புத்தகத்துக்கு முன்னுரை எழுதியபோது எனக்கு ஒரு கருத்துப் பிடித்துக்கொண்டது. கொற்கை முத்து, பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658க்குப் பிறகு டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர் என்று இத்தனை ஆட்சி மாறியும் முத்துக்குளிப்பின் நினைவு பெண்களின் ஆட்டத்தில் அறுபடாமல் வந்திருக்கிறது என்பது அந்தக் கருத்து. கேட்க நன்றாக இருந்தது. சொன்ன இடத்தில் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் இந்த ஒரு கோலாட்டம்தான். கோலாட்டமோ எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் கட்டியது. அவர் உயிரோடு இருந்தார். பாட்டில் கம்ப்ரசர் இருந்தது.

மெய்ப்புத் தாள் மேசையில் கிடந்தது. இரவு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கடைசிச் சரணத்தை அடித்தேன். "பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு சரணம் நீக்கப்பட்டது" என்று அடிக்குறிப்பு எழுதினேன். பிறகு மேலே போய், 'இயற்றியவர்' என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்தேன். "மரபுப் பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை" என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. அந்தச் சரணத்தை நீக்கினால் பெயருக்கான சான்றும் சேர்ந்தே போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எழுத்தறியாதவர், யாரிடமோ கேட்டதைத் தன்னுடையது என்று நம்பியிருப்பார், இது ஜனங்களின் சொத்து, ஒருவர் பெயரில் எழுதினால் ஜனங்களுக்குத் துரோகம் என்று. எவ்வளவு உயர்ந்த சொற்கள்! அதே புத்தகத்தின் அட்டையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அங்கே மட்டும் ஜனங்களின் சொத்து எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பட்டணத்தில் படித்த ஒருவர் அந்தப் பாட்டை எழுதி என்னிடம் தந்திருந்தால் அவர் பெயரை எடுத்திருப்பேனா? எடுத்திருக்க மாட்டேன். பயந்திருப்பேன். திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர் என்னைக் கேள்வி கேட்க மாட்டார் என்ற தைரியம் எனக்கு இருந்தது. இதைவிட வெட்கக்கேடான வாக்கியம் என்னிடம் இல்லை.

தமிழ் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை. நூலுக்குப் பாயிரம் எழுதுகிறவன் சொல்ல வேண்டிய எட்டு செய்திகளை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. முதலாவது ஆக்கியோன் பெயர். குறுந்தொகையைத் தொகுத்தவர்களிடம் சில பாட்டுகள் பெயரில்லாமல் வந்தன. அவர்கள் 'தெரியவில்லை' என்று கைகழுவவில்லை. பாட்டுக்குள்ளேயே தேடி ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். மீனெறி தூண்டிலார் அப்படி வந்தவர். ஆள் தெரியாவிட்டாலும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை அந்தத் தொகுப்பாளர்கள் மதித்தார்கள். பெயர் இல்லாத இடத்தில் அவர்கள் பெயர் உண்டாக்கினார்கள். பெயர் இருந்த இடத்தில் நான் அழித்தேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர் எழுதியவை. 1922இல் இறந்துபோனார். இன்றும் நாடக நடிகர்கள் அவரை ஆசானாக வணங்குகிறார்கள். விடிய விடிய அந்தப் பாட்டுகளைப் பாடி நடிக்கும் பலர் அதிகம் படித்தவர்கள் அல்ல. யார் எழுதியது என்பதை அவர்கள் மறக்கவில்லை. படித்த நான் என் மண்ணிலிருந்து அந்த மரியாதையைக்கூடக் கற்கவில்லை.

பல வருஷம் கழித்து அமெரிக்காவில் ஆடும் கான்ட்ரா நடனம் பற்றிப் படித்தேன். நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேர்விட்ட ஆட்டம். அதுவும் எதிரெதிர் வரிசைதான். ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி அடுத்த ஜோடியிடம் நகரும். இன்ன அடவு, அடுத்து இன்ன அடவு என்று ஒருவர் மேடையில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரைக் காலர் என்கிறார்கள். இதன் மூதாதை ஆங்கில நாட்டு நடனம். 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் அச்சிட்ட நடனப் புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிசை, வட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. எதிலும் அமைத்தவர் பெயர் கிடையாது. இன்றைக்கு அப்படி இல்லை. புதிதாக அமைக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலைப்பு உண்டு, அமைத்தவர் பெயர் உண்டு. காலர்கள் பிடித்த ஆட்டத்தை அட்டையில் குறித்துவைப்பார்கள். அவசரத்தில் தலைப்பும் பெயரும் விட்டுப்போகும். பிறகு அதைத் தேடுகிறார்கள். அடவுகளின் வரிசையைச் சொல்லி, இது யாருடையது என்று மற்றவர்களைக் கேட்கிறார்கள். ஒரே வரிசை இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் இரண்டு பேரையும் சொல்கிறார்கள்.

ஒரு மாலை நேரத்து மகிழ்ச்சிக்காக ஆடும் ஆட்டம் அது. அதற்கே இத்தனை கவலைப்படுகிறார்கள். மரபு என்பது ஒன்று, ஆசிரியர் தெரியவில்லை என்பது வேறொன்று என்பதில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். பல தலைமுறை கைமாறி, பல பேர் கைபட்டு வந்ததுதான் மரபு. தெரியவில்லை என்றால் யாரோ ஒருவர் இருக்கிறார், தேட வேண்டும் என்று பொருள். நம் ஊரில் பாட்டுச் சேகரித்தவர்கள் பலர் இந்த இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறோம். கேட்காமல் விட்டதற்கெல்லாம் மரபு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளக்கூட எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன், பதில் கிடைத்தது, மறைத்தேன்.

விலையை யார் கொடுத்தது என்று சொல்கிறேன். இது வாத்தியாரின் மகள் பின்னாளில் சொன்னது.

புத்தகம் வந்த சில வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடப் போட்டிக்கு அவர் பிள்ளைகளைத் தயார் செய்தார். முழு ஆட்டம், கடைசிச் சரணத்தோடு. நடுவர்களில் ஒருவர் கையில் என் புத்தகம் இருந்தது. பழைய மரபு ஆட்டத்தில் கம்ப்ரசரைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டதாக அவர் மேடையிலேயே சொன்னார். நீக்க வேண்டிய சரணம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது என்று காட்டினார். "இது நான் கட்டுனது சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள், தாய்மார்கள், ஆசிரியர்கள் எல்லோரும் இருந்த சபை. யாரும் நம்பவில்லை. அச்சில் இருந்த என் எழுத்தை நம்பினார்கள். அந்த நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து, யாரிடமோ அந்தப் புத்தகத்தை வாங்கி மகளை வாசிக்கச் சொன்னார். அடிக்குறிப்பை வாசித்தாள். "பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதுன்னா என்னம்மா?" என்று கேட்டார். "பொறவு யாரோ சேத்ததுப்பா" என்றாள்.

"யாரோவா?" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லையாம். அந்த வருஷத் திருவிழாவுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். பெண்பிள்ளைகள் கல்யாணமாகி வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். முழு ஆட்டமும் தெரிந்தவர்கள் இப்போது அந்தத் தெருவில் மிகச் சிலர்தான்.

என் பொய் அங்கேயே நிற்கவும் இல்லை. ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்தக் கோலாட்டம் டச்சுக்காலத்து முத்துக்குளி ஆட்டம் என்று இடம்பெற்றது. ஆதாரம் என் முன்னுரை. அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருத்த எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. இரண்டாம் பதிப்புக்குப் பிழைகள் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். ஒரு மீனின் பெயர் தவறாக இருந்தது, அதைத் திருத்தினேன். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் புரட்டிவிட்டேன். அப்போது எனக்கு ஒரு விருது கிடைத்திருந்தது. அந்தக் கருத்துக்காகவே கிடைத்த விருது. பெயரைப் போட்டால் கருத்து விழும். கருத்து விழுந்தால் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். முதல் தடவை செய்தது கர்வத்தால். இரண்டாம் தடவை பயத்தால். இரண்டாவதுதான் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். அப்போதும் அவர் உயிரோடு இருந்தார். திருத்தியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.

அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகே திரேஸ்புரம் போனேன். உயிரோடு இருந்தபோது போகத் தைரியம் இல்லாதவன் இறந்த பிறகு போனேன். மகள் உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"அப்பாகிட்ட நீங்க பேர் கேட்டு எழுதினதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன் சார். ரெண்டு தடவை கேட்டு எழுதினீங்க. ஒருவேளை நோட்டு தொலைஞ்சிருக்கும்னு நெனச்சேன். அப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

என்னைக் காப்பாற்ற அவர் தன் தகப்பனாரிடம் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். நோட்டு தொலையவில்லை என்றேன். தலையசைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதி அவர் பெயரைப் போடுகிறேன் என்றேன். மறுத்துவிட்டார்.

"வேண்டாம் சார். எங்கப்பா பேரு அவர் பாட்டோட வரணும். உங்க மன்னிப்போட வர வேண்டாம். நாங்க போட்டுக்கிறோம்."

தகப்பனாரின் பாட்டுகளை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். கோலாட்டம், கும்மி, திருவிழாப் பாட்டு. அச்சடிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பணம் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார். என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று, அந்த ஒலிநாடா. அதில் தகப்பனாரின் குரல் இருக்கிறது, கடைசிச் சரணமும் இருக்கிறது. அது எப்போதுமே அவர்களுடைய பொருள்தான்.

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. இந்த முறை மறைத்தவன் நானல்ல. பெயர் அவர்கள் புத்தகத்தில் முதலில் வரும்.

அதுவரை என்னால் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். அந்த ஆய்வேட்டை எழுதியவருக்கு உண்மையைக் கடிதமாக அனுப்பிவிட்டேன். பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டேன். ஆனால் விற்றுப்போன பிரதிகள் நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கின்றன. அவை இன்னும் ஒரு நடுவரின் கைக்குப் போகலாம்.

உங்களிடம் அந்தப் புத்தகம் இருந்தால் திரேஸ்புரத்துக் கோலாட்டம் வரும் பக்கத்தை எடுங்கள். கீழே உள்ள என் குறிப்பைப் பேனாவால் அடித்துவிடுங்கள். 'இதை இயற்றியவர் திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர். நீக்கப்பட்ட சரணம் அவருடையதே' என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். பெயருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.